மூளைத்தண்டின் குருதிவழி

புதுவை நகரில் பாரதி பூங்காவின் நடுவே வெண்ணிற மண்டபம் ஒன்று நிற்கின்றது. ஆயி மண்டபம் என்பது அதன் பெயர். ஆயி என்னும் பெண்ணொருத்தி முத்திரையர்பாளையத்தில் ஊரார்க்கெனக் குளம் வெட்டுவித்தாள் என்பது வழிவழி வந்த செய்தி. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், மூன்றாம் நெப்போலியன் பேரரசனாயிருந்த காலத்தில், அவ்விடத்திலிருந்து நகருக்கு நன்னீர் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாக எழுந்ததே அம்மண்டபம். கடலோரத்து ஊரில் நன்னீர் எவ்வளவு அரிய பொருள் என்பதை அவ்வூரார் நன்கு அறிவர். நீர் வரும் வழி ஓரிடத்தில் அடைபட்டால், அடைபட்ட இடத்திற்கு அப்பாலுள்ள வீடுகள் எல்லாம் ஒருங்கே வறளும்.

ஊருக்கு நீர் எத்தகையதோ, மூளைக்குக் குருதி அத்தகையது. உடலின் எடையை 100 பங்கு செய்தால் மூளை 2 பங்கே இருக்கும். ஆயினும் நாம் உட்கொள்ளும் உயிர்வளியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே கொள்கின்றது. வயிற்றைப் போலவோ தசையைப் போலவோ அது தனக்கு வேண்டியதைச் சேமித்து வைப்பதில்லை. அவ்வப்போது வருவதைக் கொண்டு அவ்வப்போது வாழ்வது அதன் இயல்பு. ஆகவே குருதி சில மணித்துளிகள் வாராதொழியினும் அது தாங்காது.

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் பெருந்தமனிகள் நான்கு. கழுத்தின் முன்புறத்தே இருமருங்கும் செல்வன இரண்டு. விரலை வைத்தால் அவற்றின் துடிப்பை உணரலாம். மற்றை இரண்டும் நம் கைக்கு எட்டாதவை. அவை கழுத்தெலும்புகளின் இருபுறத்தும் உள்ள சிறு துளைகளின் ஊடே, வளையங்களுக்குள் நுழைந்த கயிறு போல, மேலேறிச் செல்கின்றன. முள்ளெலும்புத் தமனிகள் என்பர் அவற்றை. மண்டை ஓட்டிற்குள் புகுந்தபின் அவ்விரண்டும் கூடி ஒன்றாகின்றன. ஆறுகள் கூடுதல் இயல்பு. தமனிகளுக்கோ பிரிந்து பிரிந்து செல்வதே இயல்பு. இரண்டு கூடி ஒன்றாதல் மிக அரிது. அவ்வாறு கூடிய ஒன்றை அடித்தமனி என்று வழங்குவோம். அதன் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். பருமன் 3 அல்லது 4 மில்லிமீட்டர். ஒரு வைக்கோல் தாளைவிடப் பெரியதன்று. அச்சிறு குழாயை நம்பியே மூளைத்தண்டு உயிர் வாழ்கின்றது.

மூளைத்தண்டு என்பது பெருமூளைக்கும் முதுகுத்தண்டிற்கும் இடையே அமைந்த பகுதி. கைப் பெருவிரல் அளவினது. நடுமூளை, பாலம், முகுளம் என அது மூன்று பகுதிப்படும். பெருமூளையிலிருந்து கைகால்களுக்குச் செல்லும் ஆணைகள் யாவும் இதன் வழியே இறங்குகின்றன; உடலிலிருந்து வரும் உணர்வுகள் யாவும் இதன் வழியே ஏறுகின்றன. கண்ணை அசைப்பது, முகத்தை அசைப்பது, விழுங்குவது, குரல் எழுப்புவது, செவியின் சமனுணர்வை ஏற்பது ஆகிய இவற்றிற்குரிய நரம்பு நிலையங்களும் இங்கேயே உள்ளன. மூச்சுக்கும் விழிப்புக்கும் பொறுப்பான இடமும் இதுவே. பெருமூளையில் ஓர் அங்குலம் பழுதுற்றாலும் மனிதன் நடமாடுதல் கூடும். இங்கே ஒரு நெல்மணி அளவு பழுதுற்றால் நாவோ கண்ணோ கையோ தன் தொழிலை இழந்துவிடும்.

பாரிசவாயு என்று நாம் வழங்கும் நோயைப் பற்றிக் கேள்விப்படாதார் இல்லை. பாரிசம் என்னும் சொல்லுக்குப் பக்கம் என்பது பொருள். பக்கவாதம் என்பதும் அதுவே. வாத நோய் எண்பது வகை என்பது சித்த மருத்துவ நூலார் கணக்கு. பெயர்கள் எத்தனை இருப்பினும், மக்கள் மனத்தில் பதிந்திருப்பது ஒன்றே: ஒரு பக்கத்துக் கையும் காலும் விழுந்துபோதல், வாய் ஒருபுறம் கோணுதல். மூளையின் முற்பகுதிக்குச் செல்லும் தமனி அடைபட்டால் நிகழ்வது இது. பின்புறத் தமனிகள் அடைபட்டால் வேறு வகையாக நிகழும். குருதிக்குழாய் அடைப்பால் வரும் வாதங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இவ்வகையினது. இங்கே ஒரு பக்கம் மட்டும் விழ வேண்டும் என்பதில்லை, இரண்டும் விழலாம், இரண்டும் விழாமலே ஆள் மயங்கலாம். பக்கவாதம் என்னும் பெயரே இவ்விடத்தில் நம்மை வழிதவறச் செய்கின்றது என்பது என் கருத்து. பெயரை நம்பிப் பக்கத்தைத் தேடுகின்றவன் நோயைக் காணமாட்டான்.

முத்தியால்பேட்டையில் தறி நெய்து வாழும் முதியவர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். ஒரு நாள் காலையில் பாவை நீவிக்கொண்டிருந்தவருக்குத் திடீரெனத் தலை சுழல்கின்றது. தறியும் சுவரும் சுற்றுவதுபோல் தோன்ற, அவர் தூணைப் பற்றிக்கொண்டு அமர்கின்றார். இருமுறை வாந்தி எடுக்கின்றார். கை அசைகின்றது, கால் அசைகின்றது, வாய் கோணவில்லை. "பித்தம் தலைக்கேறியிருக்கும்" என்று சொல்லி, அவர் மனைவி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொடுக்கின்றார். அடுத்த வீட்டார் சுக்கு நீர் சொல்கின்றனர். சிலர் கண்ணேறு என்கின்றனர். அவர் படுத்துக்கொள்கின்றார். நண்பகலில் எழுந்தவர் விளக்கு ஒன்றை இரண்டாகக் காண்கின்றார். மாலையில் பேச்சு சற்றுக் குழறுகின்றது. "தூக்கக் கலக்கம்" என்கின்றனர். இரவில் பால் குடிக்கையில் புரையேறுகின்றது. மறுநாள் விடியற்காலையில் எழுப்பினால் எழவில்லை.

இக்கதை கற்பனை. ஆயினும் இதில் வரும் ஒவ்வொரு குறியும் மருத்துவர் ஏட்டில் உள்ளது. அடித்தமனியின் அடைப்பு பலரிடத்தில் இவ்வாறே படிப்படியாக வருகின்றது. சிறு கட்டி தோன்றும், சிறிது விலகும், மீண்டும் பற்றும். சில நாள் முன்னரே வந்து தானே மறைந்த தலைச்சுற்றலும் இரட்டைப் பார்வையும் தூதுவர் போன்றவை. தூதுவன் போய்விட்டான் என்று மகிழ்தல் தகாது. அவனை அனுப்பியவன் பின்னே வருகின்றான்.

தலைச்சுற்றல் எல்லாம் இந்நோயே என்று எவரும் அஞ்ச வேண்டா. பெரும்பாலான தலைச்சுற்றல் தீங்கற்றது. படுக்கையில் புரளும்போது சில நொடிகள் சுற்றி ஓய்வது பெரும்பாலும் காதினுள்ளே உள்ள சிறு துகள்கள் இடம் பெயர்வதால் வருவது. பசியாலும் வெயிலாலும் வருவதும் உண்டு. ஆனால் சுற்றலோடு இன்னொன்று சேர்ந்து வந்தால் அது வேறு. பொருள் இரண்டாகத் தோன்றுதல், நாக்குக் குழறுதல், விழுங்க முடியாமை, திடீரெனச் செவி கேளாமை, ஒரு கை எட்டிய பொருளைப் பற்ற முடியாமல் தடுமாறுதல், முகமோ உடலோ மரத்தல், என்றுமில்லாத கடுமையான பிடரிவலி ஆகியவற்றுள் ஒன்று கூடினாலும் போதும். இன்னும் ஓர் எளிய சோதனை உண்டு. காதினால் வரும் சுற்றலுடையவர் ஒருபுறம் சாய்ந்து சாய்ந்தேனும் நடப்பார். எவர் பற்றுக்கோடின்றி உட்காரவும் நிற்கவும் மாட்டாரோ, அவருடைய நோய் காதில் இல்லை, மூளையில் இருக்கக்கூடும். இதைக் காண மருத்துவம் கற்றிருக்க வேண்டுவதில்லை.

மருத்துவ வரலாற்றில் இந்நோயை வெளிப்படுத்தியவர்கள் கருவிகளால் அன்று, கூர்ந்து நோக்கும் கண்ணாலேயே வெளிப்படுத்தினர். 1856ஆம் ஆண்டில் கூப்ளேர் என்னும் பிரெஞ்சு மருத்துவர் வியப்பான ஒன்றை எடுத்துரைத்தார். சில நோயாளிகளுக்கு முகத்தில் ஒரு பக்கமும், கைகால்களில் மறுபக்கமும் செயலிழந்திருந்தன. இடப்புற முகம் விழுந்தால் வலப்புறக் கை விழும். இதன் காரணம் எளிது. பெருமூளையிலிருந்து வரும் ஆணை நரம்புகள் முகுளத்தின் அடியில் ஒன்றையொன்று குறுக்கிட்டு மறுபக்கம் செல்கின்றன. முகத்திற்குரிய நரம்போ அதற்கு மேலே, பாலத்தில், தன் பக்கத்திலேயே வெளிப்பட்டு விடுகின்றது. ஆகவே பாலத்தின் இடப்புறம் பழுதுற்றால், அப்பக்கத்து முகமும், இன்னும் குறுக்கிடாத நரம்புகளின் வழியே மறுபக்கத்துக் கைகாலும் ஒருங்கே செயலிழக்கும். இவ்வாறு மாறி நிற்கும் வாதத்தைக் கண்டால், பழுது மூளைத்தண்டில் என்று படமின்றியே உறுதியாகச் சொல்லலாம்.

1895இல் வாலன்பெர்க்கு என்னும் செருமானிய மருத்துவர் இதனினும் நுட்பமான ஒன்றைச் செய்தார். அவரிடம் வந்த நோயாளிக்குத் தலைச்சுற்றல், குரல் கம்மல், விழுங்கமாட்டாமை ஆகியவை இருந்தன. முகத்தில் ஒரு பக்கமும் உடலில் எதிர்ப்பக்கமும் சூடும் வலியும் உணரவில்லை. இத்தகையவர் குளிக்கும்போது வெந்நீரின் சூடு ஒரு பாதி உடலுக்கு உறைக்கும், மறுபாதிக்கு உறைக்காது. வாலன்பெர்க்கு இக்குறிகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, முகுளத்தின் பக்கவாட்டில் இன்ன இடத்தில், இன்ன தமனி அடைபட்டிருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். அந்நோயாளி பின்னர் இறந்தபோது மூளையை ஆய்ந்து, தாம் எழுதியது சரியே என 1901இல் வெளியிட்டார். சொற்களின் புணர்ச்சியைக் கண்டு நிலைமொழி இன்னது, வருமொழி இன்னது எனப் பிரித்துக் கூறும் இலக்கணப் புலவனுக்கும் இம்மருத்துவருக்கும் பெரிய வேற்றுமை எனக்குத் தெரியவில்லை. இந்நோய் உடையார் சிலருக்கு ஓயாத விக்கலும் வரும். விக்கல் வந்தால் யாரோ நினைக்கின்றார்கள் என்று நம் வீடுகளில் சொல்வது உண்டு. தலைச்சுற்றலோடு வந்து நாள் முழுதும் நில்லாத விக்கலுக்கு அவ்விளக்கம் போதாது.

இனி, ஓயாமல் தலை சுற்றும் ஒருவரிடத்தே காதின் நோயையும் மூளைத்தண்டின் நோயையும் பிரித்தறியும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம். இது 2009ஆம் ஆண்டில் காட்டா, நியூமன் டோக்கர் முதலிய அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட முறை. இதற்கு வேண்டுவன பயின்ற மருத்துவரும் ஒரு நாற்காலியுமே.

மருத்துவர் நோயாளியின் எதிரே அமர்கின்றார். தம் மூக்கின் நுனியையே நோக்குமாறு சொல்கின்றார். பின்னர் நோயாளியின் தலையை இரு கைகளாலும் பற்றி, சிறிதளவு, ஆனால் விரைந்து திருப்புகின்றார். தலை திரும்பும் அதே நொடியில் கண்கள் எதிர்ப்புறம் திரும்பி மூக்கின் நுனியை விடாமல் பற்றி நிற்பது இயல்பு. செவியின் உள்ளே உள்ள அரைவட்டக் குழல்கள் தலையின் அசைவை மூளைத்தண்டிற்கு அறிவிக்க, அது கண்தசைகளுக்கு ஆணையிடுகின்றது. நாம் நடந்துகொண்டே கடைப் பலகையைப் படிக்க முடிவது இதனால்தான். செவி நரம்பு நோயுற்றால் அவ்வறிவிப்பு வாராது; கண்கள் தலையோடு சேர்ந்து போய், பிறகு தவறுணர்ந்து துள்ளி மீண்டும் மூக்கிற்கு வரும். அத்துள்ளலை மருத்துவர் காண்கின்றார்.

இங்கேதான் வியப்பு உள்ளது. துள்ளல் காணப்பட்டால் மருத்துவர் ஆறுதல் அடைகின்றார். நோய் செவியில் என்று அறிகின்றார். துள்ளல் காணப்படாமல், கண்கள் நலமுள்ளவனுடைய கண்களைப் போல் நிலைத்து நின்றால் அவர் கவலை கொள்கின்றார். செவி நலமாக உள்ளது. எனின் இத்துணைச் சுழற்சி எங்கிருந்து வருகின்றது? மூளையிலிருந்தே வருதல் வேண்டும். குறை தோன்றாமையே இங்குப் பெருங்குறைக்குக் குறியாகின்றது. பிற சோதனைகளில் குறை கண்டு நோய் அறிவர். இச்சோதனையில் நிறை கண்டு நோய் அறிகின்றனர். இதனாலேயே பயிலாதவர் கையில் இது பொய்த்துப் போகும். நலமுள்ளவரிடத்தும் சுற்றல் ஓய்ந்துவிட்டவரிடத்தும் இதைச் செய்து பார்ப்பதில் பயனில்லை. மாணவர் விளையாட்டாகப் பிறர் தலையைத் திருப்பிப் பார்ப்பது தீங்குமாம்.

அடுத்து, கண்களின் தானான ஆட்டத்தை நோக்குவர். வலப்புறம் பார்த்தாலும் இடப்புறம் பார்த்தாலும் ஆட்டம் ஒரே திசையில் ஓடினால் அது பெரும்பாலும் செவியினது. பார்க்கும் திசைக்கேற்ப ஆட்டமும் திசை மாறினால் அது மூளையினது. மூன்றாவதாக ஒரு கண்ணையும் மறு கண்ணையும் மாறி மாறிக் கையால் மறைப்பர். மறைப்பை எடுக்கும்போது கண் மேலிருந்து கீழோ கீழிருந்து மேலோ நகர்ந்தால், இரு கண்களும் ஒரே மட்டத்தில் இல்லை என்பது பொருள். இதுவும் மூளைத்தண்டின் குறியே. இம்மூன்றையும் செய்ய ஒரு மணித்துளிக்கு மேல் ஆகாது. அவ்வாய்வில் இவை, முதல் இரண்டு நாளில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தினும் மிகுதியாகச் சரியாயிருந்தன. படத்தில் ஒன்றும் தெரியாத சிலருக்கு நோய் இருந்தமை பின்னரே விளங்கியது.

இதனால் படம் வேண்டா என்பது பொருளன்று. 1971இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டு என்பாரின் சி.டி. கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. அதற்காக அவரும் கார்மாக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர். மூளையில் குருதி கசிந்துள்ளதா என்பதை அக்கருவி நொடியில் காட்டும். அதைக் காணாமல் அடைப்புக்கு மருந்து கொடுத்தல் கூடாது. ஆனால் பிடரிப்புறத்து எலும்பு தடிப்பானது. அதன் நிழலில் மூளைத்தண்டு மறைந்துவிடும். ஆகவே வெறும் சி.டி. படத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்வது, மூளைத்தண்டில் ஒன்றும் இல்லை என்று சொல்வதாகாது. நரம்பினுள் மருந்து ஏற்றித் தமனிகளையே படம்பிடித்தால், அடித்தமனியில் குருதி எங்கே நின்றது என்பது கோடிட்டாற்போல் தெரியும்.

காலத்தில் அறியாவிடின் விளைவது யாது? சிலர் உயிர் துறப்பர். சிலருக்கு இறப்பினும் கொடிது ஒன்று நேர்தல் உண்டு. பாலத்தின் முற்பகுதி இருபுறமும் அழிந்தால் கை, கால், நா, முகம் யாவும் அசைவற்றுப் போகும். மேற்பகுதி அழியாதிருந்தால் அறிவு தெளிவாக இருக்கும், செவி கேட்கும், கண் மேலும் கீழும் அசையும், இமை மூடித் திறக்கும். அவ்வளவே. 1966இல் பிளம், போஸ்னர் என்னும் மருத்துவர் இருவர் இதற்குப் பூட்டுண்ட நிலை என்று பொருள்படும் பெயரை இட்டனர். ஆனால் அதற்கு நூற்றிருபது ஆண்டுகள் முன்பே ஒரு கதையாசிரியர் அதை எழுதிவிட்டார். 1844 முதல் 1846 வரை வெளிவந்த மான்ட்டி கிறிஸ்டோ பிரபு என்னும் பிரெஞ்சுப் புதினத்தில், அலெக்சாந்தர் துமா படைத்த நுவார்த்தியே என்னும் முதியவர் இந்நிலையினரே. கண்ணை மூடினால் ஆம். பலமுறை இமைத்தால் இல்லை. பேத்தி எழுத்துகளை வரிசையாகச் சொல்லிவர, வேண்டிய எழுத்தில் அவர் கண்ணால் நிறுத்துவார். பின்னர் அவள் அகராதியில் விரலை ஓட்டிச் சொல்லைக் காண்பாள்.

கதை மெய்யாயிற்று. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், பாரிசில் இதழாசிரியராயிருந்த ழான் தொமினிக் போபி என்பார், 43 வயதில், மூளைத்தண்டு வாதத்தால் வீழ்ந்தார். ஏறத்தாழ 20 நாள் கழித்து நினைவு திரும்பியபோது இடக்கண் இமை ஒன்றே அவர் வசம் இருந்தது. பிரெஞ்சு மொழியில் மிகுதியாக வழங்கும் எழுத்து முதலாகவும் அரிதாக வழங்குவது இறுதியாகவும் அமைத்த வரிசையை ஒருவர் படிக்க, இமையால் எழுத்தெழுத்தாகத் தேர்ந்து ஒரு நூலையே அவர் இயற்றினார். அந்நூல் 1997 மார்ச்சில் வெளிவந்த இரண்டொரு நாளில் அவர் மறைந்தார்.

இதனைப் படித்தபோது, நம் மொழியில் ஒருவர் இவ்வாறு பேச வேண்டுமாயின் எவ்வாறு பேசுவார் என்று எண்ணிப் பார்த்தேன். தமிழெழுத்து 247. அவ்வளவையும் வரிசையாகப் படித்தால் ஒரு சொல் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆயினும் முதலெழுத்து 30 என்று தொல்காப்பியர் வகுத்து வைத்திருக்கின்றார் அன்றோ? மெய் 18ஐ ஒரு வரிசையாகவும் உயிர் 12ஐ ஒரு வரிசையாகவும் அமைத்தால், முதலில் மெய்யைத் தேர்ந்து பின்னர் உயிரை ஏற்றலாம். உயிர்மெய்யின் பிறப்பை இமையாலேயே காட்டலாம். நெடுங்கணக்கு இத்துணைச் சீராக அமைந்திருப்பது இத்தகைய இடுக்கணிலும் உதவும்.

பூட்டு விழுமுன் கதவைத் திறப்பதே மருத்துவர் விரும்புவது. கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் 3 மணி நேரத்திற்குள் கொடுத்தால் பயனுண்டு என்பது 1995இல் நிறுவப்பட்டது; 2008இல் அவ்வெல்லை நான்கரை மணி ஆயிற்று. நம் பழைய கணக்கில் பதினொன்றேகால் நாழிகை. அதற்கு மேலும் வழியுண்டா என்பதே பின்னை எழுந்த வினா. தொடையிலோ மணிக்கட்டிலோ தமனியைத் துளைத்து, மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, கட்டியைப் பற்றி இழுத்தோ உறிஞ்சியோ எடுக்கும் முறை தோன்றியது. அடித்தமனியில் அதன் பயனைக் குறித்து 2020, 2021ஆம் ஆண்டுகளில் வந்த இரண்டு ஆய்வுகள் உறுதியான விடை தரவில்லை. 2022இல் சீன நாட்டிலிருந்து வந்த இரண்டு ஆய்வுகள் விடை தந்தன. ஒன்றில், 12 மணி நேரத்திற்குள் கட்டி எடுக்கப்பட்டவருள் 100க்கு 46 பேர் மூன்று மாதத்தில் தாமே நடக்கும் நிலையையோ அதனினும் மேலான நிலையையோ அடைந்தனர். மருந்து மட்டும் பெற்றவருள் 23 பேரே அடைந்தனர். இறந்தவர் முன்னவருள் 37, பின்னவருள் 55. மற்றோர் ஆய்வு 6 மணிக்கு மேல் 24 மணிக்குள் வந்தவர்க்கும் பயனுண்டு என்று காட்டியது. இம்முறையால் மூளையில் குருதி கசியும் இடரும் உண்டு. 100க்கு ஐந்தாறு பேர்க்கு அது நேர்ந்தது. 37 என்னும் எண்ணையும் மறத்தலாகாது. 24 மணி வரை வழியுண்டு என்பதால் 23ஆம் மணியில் வரலாம் என்று கருதுவது பேதைமை. ஒவ்வொரு மணித்துளியிலும் மூளையின் ஒரு பகுதி மீளாமல் போகின்றது. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவன் நோயாளியையும் நோயையும் எண்ணுவதோடு காலத்தையும் எண்ண வேண்டும் என்றார். அக்காலம் இந்நோயில் மணிக்கணக்கில் அளக்கப்படுகின்றது.

புதுவை மருத்துவக் கல்விக்குப் பழைய ஊர். 1823இல் பிரெஞ்சுக்காரர் இங்கு மருத்துவப் பள்ளி ஒன்றை நிறுவினர். ஆட்சி இந்தியாவிடம் வந்தபின் 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி தோன்றியது. அதுவே 1964இல் கோரிமேட்டில் ஜிப்மர் என வளர்ந்து, 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நாட்டின் சிறப்புறு நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்தும் நோயாளிகள் அங்கு வருகின்றனர். முத்தியால்பேட்டைக்கும் கோரிமேட்டிற்கும் இடையே உள்ள தொலைவு சில கிலோமீட்டரே. நாம் கூறிய முதியவர் அத்தொலைவைக் கடக்கப் பிந்தியது, வழி நீண்டதனால் அன்று. பித்தம் என்னும் ஒரு சொல்லால்.

அவ்வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பயிலும் பேத்தி ஒருத்தி இருந்தாள் எனக் கொண்டால் கதை மாறியிருக்கலாம். "தாத்தா, இந்த விரலைப் பாருங்கள், ஒன்றா, இரண்டா?" என்று கேட்டிருப்பாள். அவர் எழுந்து நிற்க மாட்டாமையைக் கண்டிருப்பாள். "ஆயா, இப்போது ஒன்றும் குடிக்கக் கொடுக்க வேண்டா" என்று தடுத்திருப்பாள். அத்தடை மிக இன்றியமையாதது. விழுங்கும் நரம்பு தளர்ந்தவருக்குக் கொடுக்கும் எலுமிச்சைச் சாறும் சோடாவும் வயிற்றுக்குச் செல்லாமல் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். வாந்தி எடுப்பவரை மல்லாக்கப் படுக்க வைத்தலும் தகாது. ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். பின்னர் 108 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் வினா, "எப்போது தொடங்கியது?" என்பது. இதற்கு விடையாகக் "காலையில்" என்பது போதாது. கடைசியாக அவர் நலமாயிருந்ததைப் பார்த்தவர் யார், அப்போது மணி என்ன என்பதே வேண்டும். உறக்கத்திலிருந்து எழுந்தபோதே நோய் இருந்தால், உறங்கச் சென்ற நேரமே தொடக்கமாகக் கொள்ளப்படும். அவர் உண்ணும் மருந்துச் சீட்டுகளைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். குருதி உறையாதிருக்க மருந்து உண்பவரா என்பதைப் பொறுத்தே கட்டி கரைக்கும் மருந்து கொடுக்கப்படும் அல்லது நிறுத்தப்படும். தலைச்சுற்றல் என்று மட்டும் சொல்லி வரிசையில் காத்திருப்பதைவிட, "தலை சுற்றுகின்றது, பொருள் இரண்டாகத் தெரிகின்றது, நிற்க முடியவில்லை" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வது நன்று. அவ்வாறு சொன்னால் கேட்பவர் எழுந்து வருவார்.

இந்நோய்க்கு முதற்காரணங்கள் பிற வாதங்களுக்கு உரியனவே: கட்டுக்கடங்காத குருதியழுத்தம், நீரிழிவு, புகையிலை, தாளம் தவறி அடிக்கும் இதயத்திலிருந்து கிளம்பும் உறைகட்டி. மண்டைக்குள்ளே செல்லும் தமனிகளிலேயே கொழுப்புப் படிந்து வழி குறுகுதல் ஐரோப்பியரினும் ஆசியரிடத்தே மிகுதி. இளைஞர்க்கு வரும்போது காரணம் வேறாதல் உண்டு. கழுத்தெலும்பின் துளைகளுக்குள் செல்லும் தமனி, கழுத்து வன்மையாகத் திருகப்பட்டால் உள்ளுறை கிழிந்து, அக்கிழிசலில் குருதி உறையும். முடிதிருத்தும் கடைகளில் வேலை முடிந்தபின் கழுத்தை இருபுறமும் திருப்பிச் சொடக்கெடுக்கும் வழக்கம் உண்டு. அவ்வொலி கேட்கச் சிலருக்கு இன்பம். அவ்வாறு திருகியபின் பிடரி வலியும் தலைச்சுற்றலும் கண்டவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகள் பேசுகின்றன. முடியை மட்டும் திருத்திக்கொண்டு, கழுத்துக்கு வேண்டா என்று சொல்லி எழுந்து வருதல் எவர்க்கும் இயலும்.